ஒன்பது கேசட்டுகளும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

போன மாதம் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டி செத்துப்போயிற்று. மாற்றித் தர வந்த கேபிள் ஆளிடம், "இதுக்குள்ளே நான் பதிவு பண்ணி வெச்சிருக்கேனே, அதெல்லாம் புதுப் பெட்டியில வருமா?" என்று கேட்டேன். "வராது சேச்சி. பதிவு பண்ணினது நீங்களா இருக்கலாம், சொந்தம் கம்பெனிக்காக்கும்" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். கச்சேரிகள், சமையல், நான் வேலைக்குப் போன நேரத்தில் வந்த நல்ல பேச்சுகள், எல்லாம் அந்தச் செத்த பெட்டியோடு போயின. அது போதாதென்று என் மகன் உபதேசம் செய்தான். "நியாயமாப் பாத்தா டிவில வர்றதைப் பதிவு பண்ணி வெச்சுக்கிறதே தப்புதாம்மா."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் என்ன கண்டான்? இந்த "தப்பு" என்ற சொல்லை நான் பத்து வயதில், கொச்சியில் மட்டாஞ்சேரியில், எங்கள் சங்க மண்டபத்தில், ஊரே உட்கார்ந்திருக்க ஒருவர் வாயால் கேட்டவள். அது ஒருத்தியின் படிப்பை எப்படித் தின்றது என்று கூடவே இருந்து பார்த்தவள். என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். கேசட்டின் வாயில் சுண்டுவிரலை விட்டுச் சக்கரத்தைத் திருப்பியவர்களுக்குத்தான் இந்தக் கோபம் விளங்கும்.

அப்போது எங்கள் தெருவில் தமிழ் பேசும் வீடுகள் முப்பதுக்கும் மேல். எல்லோருக்கும் சேர்த்து ஒரு சங்கம், அதற்கு ஒரு மண்டபம். மண்டபத்தில் மரக்கதவு போட்ட ஒரு பெரிய டிவி. வளைகுடாவில் வேலை பார்த்த ஓர் அங்கத்தினர் அதற்கு ஒரு விசிஆர் கொண்டுவந்து கொடுத்தார். அதன்மேல் சிவப்பு வெல்வெட்டுத் துணி போர்த்தி, துணிமேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவும் வைத்திருந்தார்கள். மண்டபத்தை ஒட்டியது எங்கள் வீடு என்பதால் சாவி அம்மாவிடம் இருக்கும். பெருக்கி விளக்கேற்றுவதும் அம்மாதான்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அவள் புடவையிலிருந்து சுக்கு வாசனை வரும், இரண்டு தும்மல் போட்டபிறகுதான் பேசவே தொடங்குவாள். காலேஜுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே பி.காம். எழுதிக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டது. புள்ளியியல் மட்டும் ஒரு தடவை கவிழ்த்துவிட்டது. அதற்கு டியூஷன் சாயங்காலம் ஏழு மணிக்கு, அதுவும் அக்கரையில், எர்ணாகுளத்தில். அப்பா விடவில்லை.

"இன்னொரு தடவை எழுதிக்கோ. அதோட நிறுத்திக்கணும். போதும் படிச்சது" என்று அப்பா சொல்லிவிட்டார். பட்டம் கிடைத்தால் பேங்க் பரீட்சை எழுதலாம் என்பது அக்காவின் கணக்கு. அதற்கு வயது வரம்பு வேறு இருந்தது. ஆக, அந்த ஒரு தடவைதான் அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் மத்தியானம் ஒரு மணிக்குக் காலேஜ் பாடம் வர ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள் புள்ளியியல். வழுக்கைத் தலையோடு ஒரு பேராசிரியர் வருவார். நாங்கள் அவருக்கு மொட்டை மாஷ், அதாவது மொட்டை வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தோம். ஆங்கிலத்தில்தான் பேசுவார், ஆனால் அவசரப்படமாட்டார். போர்டில் மலை மாதிரி ஒரு கோடு போட்டு, தள்ளி நின்று அதைப் பார்த்துவிட்டு, நம்மைத் திரும்பிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அபூர்வமாக வந்த மறு ஒளிபரப்பில் அவரைப் பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் சொன்னா எனக்குப் புரியறதுடீ" என்றாள் அக்கா. அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

ஒரு மணிக்கு அவள் ஆபீசில் இருப்பாளே, என்ன செய்வது? தன் சம்பளத்தில் கல்ஃப் சாமான் விற்கும் கடையிலிருந்து கேசட் வாங்கி வந்தாள். சங்கத்துக் கேசட்டைத் தொடவில்லை, எல்லாம் அவள் சொந்தக் காசு. விசிஆரில் நேரம் குறித்துவைத்தால் அதுவே பதிவு செய்துகொள்ளும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகம் எழுதின ஜப்பான்காரனுக்கு எங்கள் ஊர்க் கரண்டைத் தெரியாது. தினம் ஒரு தடவையாவது போகும். போய் வந்தால் கடிகாரம் எல்லாம் மறந்துபோய்ப் பூஜ்யம் பூஜ்யமாக மின்னிக்கொண்டு நிற்கும்.

ஆகவே நான்தான் அந்தக் கடிகாரம். மத்தியான மணி அடித்ததும் சோற்றுப் பாத்திரத்தோடு ஓடி வருவேன். அம்மாவிடம் சாவி வாங்கி, மண்டபத்தைத் திறந்து, ஒரு மணிக்குச் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்குவேன். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம், பிறகு மொட்டை மாஷ். அவர் பாடம் நடத்த, நான் மோர்ச்சோறு சாப்பிடுவேன். பாடம் முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவேன். வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நிற்பேன். ஏன் தாமதம் என்று டீச்சர் கேட்டால் வயிற்றுவலி என்பேன். இதில் எனக்குப் பெருமைதான். வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத உத்தியோகம் எனக்கு இருந்தது.

சாயங்காலம் மண்டபம் காலியாக இருக்கும்போது அக்கா போட்டுப் பார்ப்பாள். நிறுத்தி, எழுதி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்ப்பாள். நிறுத்தினால் மொட்டை மாஷின் மூக்குக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். கேசட் சூட்டோடு வெளியே வரும்போது புதுச் செருப்புக் கடை வாசனை அடிக்கும். பாடத்தின் நடுவில் மின்சாரம் போன இடங்களில் நோட்டில் அரைப் பக்கம் இடம் விட்டு "கறண்டு" என்று எழுதி வைப்பாள். அப்படி நாலு மாதத்தில் ஒன்பது கேசட் சேர்ந்தது. பரீட்சைக்கு முன்னால் ஒன்பதையும் முதலிலிருந்து இன்னொரு முறை பார்ப்பது என்று திட்டம்.

இனி செக்ரட்டரி மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி, சாகும்வரை அவரேதான். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பொடி போடமாட்டார், பொய் சொல்லமாட்டார். அடுத்தவர் வீட்டு மாம்பழம் தன் முற்றத்தில் விழுந்தால்கூட எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார். இப்படிப்பட்ட நேர்மைக்காரர்களிடம் மாட்டிக்கொள்வதைவிட ஒரு சாதாரணக் கள்ளனிடம் மாட்டிக்கொள்ளலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. வாடகைக்கு எடுத்த ஒரு புதுப் படத்தைப் போடுவதாக ஏற்பாடு. தியேட்டரில் வந்து இரண்டு வாரம்கூட ஆகாத படம். மண்டபம் நிறையக் கூட்டம். செக்ரட்டரி மாமா தன் கையாலேயே கேசட்டை நுழைத்தார். மண்டபத்து அலமாரியில் பக்கத்தில் இருந்த அக்காவின் கேசட் அவர் கையில் வந்துவிட்டது. திரையில் மொட்டை மாஷ் தோன்றி, போர்டில் மலை போட்டு, தள்ளி நின்று எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. செக்ரட்டரி மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது யாரு வேலையாக்கும்?" என்றார்.

"என்னோடதுதான் மாமா. பாடம்" என்று அக்கா எழுந்து நின்று சொன்னாள்.

அவர் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாடகைக் கேசட்டைப் போட்டார். இதைக் கேளுங்கள். அது எவனோ தியேட்டருக்குள் கேமராவை ஒளித்துக்கொண்டு போய் எடுத்த படம். நடுவில் ஒரு ஆள் எழுந்து குறுக்கே போனான். இன்னொருவன் இருமினான். இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள், அதுகூடத் தெரிந்தது. இப்படி நகலெடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று வேறு ஒரு வரி திரையின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே முதல் வரிசை நாற்காலியில், மடியில் அக்காவின் பாடத்தை வைத்துக்கொண்டு, செக்ரட்டரி மாமா மூன்று மணி நேரம் அந்தப் படத்தை ரசித்துப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம், நான் பொத்தான் அமுக்கப் போனபோது, அவர் மண்டபத்தில் இருந்தார். அலமாரியைத் திறந்து கேசட்டுகளை மேஜைமேல் அடுக்கியிருந்தார். நேற்று எடுத்ததையும் சேர்த்து ஏழு.

"மோளே, இவ்வளவுதானா?"

அக்கா இரண்டு கேசட்டை வீட்டில் துணி அலமாரிக்குள் வைத்திருந்தாள். எனக்குத் தெரியும். ஏழுதான் என்று சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். "ஒன்பது மாமா" என்றேன். அதோடு விட்டேனா, ஓடிப்போய் அந்த இரண்டையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"சத்தியம் சொன்ன குட்டி" என்று என் தலையில் கை வைத்தார். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லிச் சொல்லிக் கூசிப்போயிருந்த எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா? இன்றைக்கும் நினைத்தால் அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. பெண்கள் கமிட்டிக்கு வரும் வழக்கம் இல்லை. அக்கா போனாள், வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"டிவில வர்றது சர்க்காரோட முதல், சர்க்கார் சொத்து" என்று செக்ரட்டரி மாமா தொடங்கினார். "வர்ற நேரத்துல பாக்கலாம். பிடிச்சு வெச்சுக்கறதுக்கு யாருக்கும் அனுவாதம், அனுமதி கிடையாது. அது தப்பு, திருட்டாக்கும். அதுவும் சங்கத்து மிஷின்ல வெச்சு. கேஸ் வந்தா யாரு தூக்கறது?"

அக்கா நிதானமாகத்தான் பேசினாள். "மாமா, ஒரு மணிக்கு நான் வீட்ல இருந்தா பாத்திருப்பேன். அப்போ அது திருட்டில்லை. அதையே ஆறு மணிக்குப் பாத்தா எப்படித் திருட்டாகும்? பாடம் அதே பாடம். பாக்கறதும் நான் ஒருத்திதான். நான் யாருக்கும் விக்கலை, வாடகைக்கு விடலை."

"நேரம் மாறினா கேஸே மாறும் மோளே. கோர்ட்ல முப்பது வருஷம் இருந்தவனாக்கும் நான்."

"அப்போ ஆண்டு விழாவுக்கு ஓட்டின படம்? அதுல தியேட்டர்ல ஆள் எழுந்து போறது தெரிஞ்சுதே. அதுக்கு யாரு அனுவாதம் குடுத்தா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். செக்ரட்டரி மாமாவின் காது சிவந்தது. "அது கடைக்காரன் பண்ணின தப்பு. நாம வாடகை குடுத்துத்தானே எடுத்தோம்?" என்றார்.

முப்பது வீட்டு ஆண்பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள். என் அப்பாவும் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

கேசட்டுகளைப் பூட்டி வைப்பார்கள், அல்லது அழித்துவிடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். செக்ரட்டரி மாமா செய்த காரியம் இந்த உலகத்தில் வேறு ஒரு மனிதனுக்கும் தோன்றியிருக்காது. களவுப் பொருளுக்குக் கோர்ட்டில் தொண்டி முதல் என்று பெயர். தொண்டி முதல் உடையவனிடம் திரும்பப் போகவேண்டும் என்பது அவர் படித்த பாடம். ஒன்பது கேசட்டையும் பழைய வேட்டியில் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்து, ஆணி அடித்து, அரக்கு வைத்து, திருவனந்தபுரத்தில் இருந்த டிவி நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். கூடவே ஒரு மன்னிப்புக் கடிதம். எங்கள் அங்கத்தினர் ஒருவரின் மகள் அறியாமல் செய்துவிட்டாள், உங்கள் பொருளை உங்களிடமே ஒப்படைக்கிறோம், மேல் நடவடிக்கை வேண்டாம் என்று. அதில் அப்பாவிடமும் கையெழுத்து வாங்கினார்.

அன்று சாயங்காலம் அக்கா தும்மிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். அப்பா விஷயத்தைச் சொன்னார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்களுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"சங்கத்தை எதிர்த்துட்டு இந்தத் தெருவுல இருக்க முடியுமாடீ? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வருவா?"

"பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட இல்லைப்பா."

"நோட்டு இருக்கல்லே, அதைப் படி" என்றார் அப்பா. அவர் சரக்குக் கொட்டடியில் சாக்கு எடை போடுகிறவர். நோட்டுக்கும் பாடத்துக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு யார் சொல்லியும் விளங்கியிருக்காது. அவரை நான் பாதி மன்னித்துவிட்டேன், மீதியை மன்னிக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

என்னிடம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அலமாரியில இருந்த ரெண்டையும் யாரு எடுத்துக் குடுத்தா?" நான் அழுதேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நோட்டை வைத்துக்கொண்டு படித்தாள். "கறண்டு" என்று எழுதிய அரைப் பக்கங்கள் அப்படியே இருந்தன. மீதிப் பாடங்களை இனி பதிவு செய்ய முடியாது, மண்டபத்துச் சாவியையும் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார்கள். பரீட்சை எழுதினாள். நாலு மார்க்கில் போயிற்று.

அப்பா சொன்னபடியே அதோடு நிறுத்தினார்கள். அதே கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தாள். அவளுக்கு மேலே வந்து உட்கார்ந்த சின்னப் பையன்கள், பட்டம் வாங்கினவர்கள், கணக்குத் தாளை அவளிடம் கொண்டுவந்து, "சேச்சி, இது சரியா இருக்கா பாருங்க" என்று கேட்பார்களாம். அவள் பார்த்துத் திருத்திக் கொடுப்பாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள், எனக்குத்தான் வயிறு எரியும்.

சரி, இத்தனை வருஷம் கழித்து இப்போது என்ன என்கிறீர்களா?

மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பழைய காகிதங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமாம். இப்போதைய பிள்ளைகளுக்கு மலையாளம்தான் கண்ணில் ஏறும். என்னைக் கூப்பிட்டார்கள். செக்ரட்டரி மாமா போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அவர் கட்டிவைத்த கோப்புகள் நூல் அறுபடாமல் இருந்தன. ஒரு காகிதத்தையும் கிழித்துப் போடாத மனுஷன். அந்த ஒரு குணத்தால்தான் அகப்பட்டுக்கொண்டார்.

"தொண்டி முதல்" என்று அட்டையில் எழுதிய கோப்பில் அவர் அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தின் நகல் இருந்தது, அப்பாவின் கோணல் கையெழுத்தோடு. அதற்கு அடியில், ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு கடிதம். டிவி நிலையத்திலிருந்து வந்த பதில்.

நின்றுகொண்டே படித்தேன். ஒன்பது கேசட்டுகள் கிடைத்தன. ஒரு மாணவி தன் படிப்புக்காக எங்கள் பாடங்களைப் பதிவு செய்துகொண்டதில் குற்றம் ஒன்றும் இல்லை. இந்தப் பாடங்கள் இருப்பதே அப்படிப்பட்ட மாணவிகளுக்காகத்தான். கேசட்டுகளைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறோம், தயவுசெய்து உடனே அவரிடம் சேர்ப்பிக்கவும். பரீட்சைக்கு எங்கள் வாழ்த்துகளைச் சொல்லவும். இவ்வளவுதான் கடிதம். கீழே யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து.

ஓரத்தில் செக்ரட்டரி மாமாவின் சிவப்பு மை. "கடிதமும் பார்சலும் கிடைத்தன" என்று ஒரு தேதி. அது பரீட்சைக்கு முந்திய தேதி. அதன் கீழே, "அடுத்த பொதுக்குழுவில் வைக்க." பொதுக்குழு ஓணம் கழிந்துதான் கூடும், பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு. அதற்கும் கீழே, வேறொரு நாளில் எழுதியது. "உரியவர் திருப்பித் தந்துவிட்டபடியால் கேசட்டுகள் சங்கத்தின் முதல். உற்சவம் வீடியோ எடுக்க உபயோகிக்கப்பட்டன."

அந்த உற்சவ வீடியோவை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அக்காவும் பார்த்தாள். யானை வந்தது, செண்டை மேளம் வந்தது, பட்டுப்பாவாடையோடு நானும் ஓரிடத்தில் வந்தேன், "ஏய், நீ!" என்று அக்கா என் தொடையில் கிள்ளினாள். மொட்டை மாஷை அழித்து அதன்மேல் எடுத்த படம் அது. பதிவு செய்வது திருட்டு என்று சொன்ன அதே வாய்தான் அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து, "நல்லாப் பதிஞ்சிருக்கு" என்று சொன்னது.

செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் அந்தக் காலி மண்டபத்தில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். கடிதத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று வீடு தள்ளித்தான். அவள் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒரு தடவை முழுக்க. பிறகு சிவப்பு மையில் எழுதியதை மட்டும் இன்னொரு தடவை.

"பாத்தியா? அந்த மனுஷன் பண்ணினதைப் பாத்தியா?" என்று நான் கத்தினேன். "நாம கேட்காமலே அவங்க திருப்பி அனுப்பியிருக்காங்க. உன் கையில குடுக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. பெட்டியை அலமாரிக்குள்ள வெச்சுட்டு, தினம் நம்ம வாசல் வழியாத்தானே போனார், வந்தார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அப்பாகிட்டயாவது? நீ ஏன் சும்மா இருக்கே? திட்டேன்!"

அக்கா சிவப்பு மையில் இருந்த தேதியின்மேல் விரலை வைத்திருந்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது, நான்தான் போய் அணைத்தேன்.

"பதினேழு நாள்" என்றாள்.

"என்னது?"

"பரீட்சைக்கு முன்னாடி பதினேழு நாள் இருந்திருக்குடீ. ஒரு நாளைக்கு ஒரு கேசட்டு. எட்டு கேசட்டை ரெண்டு தடவை பாத்திருக்கலாம்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்: "முதல் கேசட்டு ஒரு தடவை போதும். அது எனக்கு நல்லா வரும்."